கடைசி நிறுத்தத்தில் இருபது நிமிடம்

சித்ரலேகாவை அலுவலகத்துக்கு மாற்றிய உத்தரவு வந்த அன்று, டிப்போவில் அவளைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். மற்ற கண்டக்டர்கள் கொஞ்சம் பொறாமையோடு வாழ்த்தினார்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் புரட்டுகிற வேலை யாருக்குக் கசக்கும்? "யோகக்காரிம்மா நீ" என்றார் கேஷ் கவுண்டரில் இருந்தவர். அவளும் சிரித்து வைத்தாள். பிறகு டிக்கெட் மெஷினையும் தோல்பையையும் வாங்கிக்கொண்டு வண்டியைப் பார்க்க நடந்தாள். திங்கட்கிழமை முதல் இந்தப் பை தோளில் இருக்காது என்று நினைத்ததும் அதன் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிழைப்புக்காக வந்தவள்தான். கணவன் நடராஜ் இதே டிப்போவில் கண்டக்டராக இருந்தான். நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்தான். வாரிசு வேலையாக இது அவளுக்குக் கிடைத்தது. தச்சநல்லூரில் சைவ வீட்டில் பிறந்தவள். பொம்பளைப் பிள்ளைக்கு என்ன அவ்வளவு சத்தம் என்று கேட்டுக் கேட்டே அவளை வளர்த்திருந்தார்கள். முதல் வாரம் அவள் "டிக்கெட், டிக்கெட்" என்றது முன் சீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. மாதம் ஒன்று போவதற்குள் அதே குரல், பின்படியில் தொங்குகிற கல்லூரிப் பையன்களை உள்ளே ஏற வைத்தது. தனக்குள் இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்பதை முப்பத்தாறு வயதில் கண்டுபிடித்தவளைக் கூப்பிட்டு, போதும், மேஜைக்குப் பின்னால் உட்கார் என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவளுடைய வண்டி ரயில் சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டை, சீவலப்பேரி வழியாகப் பூவங்குளம் போகிற டவுன் பஸ். நடவுக்குப் போகிற பெண்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் ஏறி இறங்குவார்கள். சித்ரலேகா போன மாதம் அந்த வண்டிக்குள்ளேயே மயங்கி விழுந்தாள். நல்ல காய்ச்சல். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. பாவம், பொம்பளை, வெயில் தாங்கவில்லை என்று டிப்போவில் முடிவு கட்டினார்கள். அந்த இரக்கத்தில் பிறந்ததுதான் மாற்றல் உத்தரவு.

வெயில் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. கோளாறு பூவங்குளத்தில் இருந்தது. கடைசி நிறுத்தமான அங்கே வண்டி இருபது நிமிடம் நிற்கும். டிரைவர் இறங்கிக் கருவேல மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வருவார். ஆண் பயணிகளும் அதே திசையில் போவார்கள். இந்தப் பக்கத்துக் கருவேல மரங்கள் ஆண்களுக்குச் செய்கிற உபகாரம் கொஞ்சமல்ல. சித்ரலேகாவுக்குத்தான் எந்த மரமும் இல்லை. சந்திப்பில் கட்டணக் கழிப்பறை உண்டு. ஆனால் அங்கே வண்டி நின்ற நிமிடமே கூட்டம் ஏறிவிடும், உடனே கிளம்ப வேண்டும். விடியற்காலை வீட்டில் போனால், வேலை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்துதான்.

அதனால் அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள். சித்திரை மாதத்திலும் அப்படித்தான். அது நீர்க்கடுப்பாகி, கிருமியாகி, காய்ச்சலாகி அவளைச் சாய்த்துவிட்டது. டாக்டரம்மா துருவிக் கேட்டதால் அவரிடம் மட்டும் சொன்னாள். மற்றபடி மூச்சு விடவில்லை. புருஷன் செத்த கதையைக்கூட நாலு பேரிடம் சொல்லி அழ முடிந்தது. இதை எந்த முகத்தோடு சொல்வது?

சனிக்கிழமை, பூவங்குளத்தில் வண்டி நின்றது. டிரைவர் தாஜ் முகம்மது வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து தனக்கு மட்டும் டீ ஊற்றினார். மேலப்பாளையத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவள் வந்த புதிதில் தினமும் அவளுக்கும் ஒரு டம்ளர் நீட்டுவார். "வேண்டாம் அண்ணாச்சி" என்பாள். பிறகு நீட்டுவதை விட்டுவிட்டார்.

"தங்கச்சி, ஒன்ன ஆபீஸ்ல போடச் சொல்லி மேனேஜர்ட்ட சொன்னது நான்தான்" என்றார். "வெயில் ஒனக்கு ஆகல. நீ விழுந்த அன்னைக்கு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

சித்ரலேகாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"எப்படிக் கேக்க? நீ நம்மகிட்ட ஒரு மடக்கு டீ வாங்கிக் குடிச்சதில்ல." அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குத்தமாச் சொல்லல தங்கச்சி. சைவ வீட்டுப் பிள்ள. பாய் வீட்டு டீ எறங்காதுன்னு நமக்குத் தெரியாதா? நானும் மனசத் தேத்திக்கிட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதமாக இந்த மனுஷன் பக்கத்திலேயே இதைச் சுமந்துகொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. இப்போதும் அவள் வாயை மூடிக்கொண்டால் அவளுடைய மானம் தப்பும், அவருடைய புண் ஆறாது. அது அநியாயம் என்று பட்டது.

"ஐயோ, அது இல்ல அண்ணாச்சி! டீ குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா நான் எங்கன போக? நீங்க மரத்துக்குப் பின்னால போயிட்டு வந்துருதீக. நான் எங்கன போக?"

தாஜ் முகம்மது தன்னையறியாமல் கருவேல மரத்தைத் திரும்பிப் பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"எட்டு மாசமாவா?"

"ஆமா. ஆஸ்பத்திரியில படுத்ததும் அதுனாலதான். வெயில்னால இல்ல."

"யா அல்லா" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுல மூணு பொம்பளைக இருக்காவ. எனக்கு இது ஒருநா கூடத் தோணலியே."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் மனதில் நாள்பட்ட கணக்கு ஒன்று இருந்தது. அதையும் இப்போதே சொல்லிவிட்டாள். "இங்கன இருபது நிமிஷம் சும்மாத்தான நிக்குதோம். அதுல பாதிய ஜங்ஷன்ல நின்னா எனக்குப் போதும் அண்ணாச்சி. நான் வண்டியிலேயே இருந்துருவேன். நீங்களே மேனேஜர்ட்ட சொல்லுங்களேன்."

"நான் சொல்லப் போயித்தான் நீ ஆபீஸுக்குப் போற" என்றார் அவர். "இத நீதான் சொல்லணும்."

மத்தியானம் வசூலைக் கட்டி, பையை ஒப்படைத்துவிட்டு அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். இத்தனை மாதத்தில் அந்தப் பக்கம் அவள் போனதில்லை. பையை வாங்கினால் வண்டி, வண்டியை விட்டால் வீடு. மேனேஜர் தில்லைநாயகம் நெற்றி நிறைய திருநீறோடு இருந்தார். யாரையும் கடிந்து பேசாத நல்ல மனிதர். ஓரத்து மேஜையில், அலுவலகத்தின் ஒரே பெண் ஊழியரான சுகிர்தா கம்ப்யூட்டரில் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தாள்.

"சார், எனக்கு ஆபீஸ் வேண்டாம். வண்டியே போதும்."

"ஒங்க நல்லதுக்குத்தானம்மா போட்டிருக்கேன்."

சித்ரலேகா சொன்னாள். தண்ணீர் குடிக்காததை, காய்ச்சலை, சந்திப்பில் நிற்க வேண்டிய நிமிடங்களை, எல்லாவற்றையும் சொன்னாள். தில்லைநாயகம் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் லேடீஸ் கண்டக்டர் யாரும் இப்படிச் சொன்னதில்லையேம்மா."

"இந்த டிப்போவுல லேடீஸ் கண்டக்டர் நான் ஒருத்திதான சார்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டைமிங்க மாத்தணும்னா மேல எழுதணும். ஏன், எதுக்குன்னு பத்துக் கேள்வி வரும். காரணம்னு என்னத்த எழுத?"

"ஒண்ணுக்குப் போகன்னு எழுதுங்க சார்."

சொன்ன மறுகணம் காது இரண்டும் சுட்டன. ஒருமுறை சொல்லிவிட்டால் வெட்கம் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. ஆனாலும் அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"அந்தச் சங்கடமே வேண்டாம்னுதான இங்க போட்டேன்?" தில்லைநாயகம் தணிந்த குரலில் சொன்னார். "இங்க எல்லா வசதியும் இருக்கும்மா. லேடீஸுக்குன்னு தனியாவே கட்டி வச்சிருக்கு."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"அதுல பழைய டயர் கெடக்கு சார்" என்றாள் சுகிர்தா.

"எப்பமிருந்து?"

"நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கே கெடந்துச்சு."

"அப்ப நீங்க..." தில்லைநாயகத்தால் கேள்வியை முடிக்க முடியவில்லை.

சுகிர்தா திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கிடுவேன் சார். சாப்பாட்டு நேரத்துல ஸ்கூட்டர எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்துருவேன். நான் சாப்பிடத்தான் போறேன்னு எல்லாரும் நெனைக்காவ."

சித்ரலேகாவுக்கு அழுகை வந்தது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன குறை என்று அவளும்தான் எண்ணியிருந்தாள்.

தில்லைநாயகம் எழுந்து, "அந்த ரூம் சாவி யார்ட்ட இருக்கு?" என்று வராந்தாவைப் பார்த்துக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, மாற்றல் உத்தரவின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "திங்கக்கெழம வண்டிக்கே போங்கம்மா" என்றார். பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, மேலிடத்துக்கு எழுத ஆரம்பித்தார். தடம், வண்டி நேரம் எல்லாம் எழுதியாகிவிட்டது. காரணம் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்ததும் பேனா அப்படியே நின்றது. ஓய்வு பெறப் போகிற வயதில், அந்த மனிதருக்கு அதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"இங்க தாங்க சார்" என்று சுகிர்தா எழுந்து வந்து தாளை வாங்கிக்கொண்டாள். "அத நானே டைப் அடிச்சுக்கிடுதேன்."