நான்காம் முறை செத்த ஷெரீப்

கலிபோர்னியாவின் மொட்டை மலையடிவாரத்தில், கேமராவுக்கு முன்னால், லூசியஸ் பெண்டர்காஸ்ட் அன்று மூன்று முறை செத்துவிட்டார். மூன்று முறையும் எழுந்து வணக்கம் வேறு வைத்துவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இதே கதை நாடகமாக இருந்தபோது, இதே ஷெரீப்பாகப் பன்னிரண்டு வருடம் ஊர் ஊராகச் செத்தவர். செத்ததும் கைதட்டல் எழும். உடனே எழுந்து, தொப்பியை மார்பில் வைத்துக் குனிய வேண்டும். அது உடம்பிலேயே ஊறிவிட்டது.

இதுவோ ஊமைப் படம், வசனமே வேண்டாம். மனுஷன் விட்டால்தானே! ஷெரீப் தன் மகளுக்குச் சொல்லும் கடைசி வார்த்தைகளைப் படுத்தபடியே முழங்கினார். கூட்டத்தில் நின்று நடிக்க வந்திருந்த, நிஜமாகவே மாடு மேய்க்கும் கௌபாய்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள். பிணம் எழுந்தது.

"யோவ், செத்தவன் எந்திரிப்பானாய்யா?" என்று டைரக்டர் ஹோபர்ட் கத்தினார். "வெயில் போயிட்டிருக்கு. இன்னொரு தடவை எந்திரிச்சீங்க, இந்த வேஷம் கிளெமுக்கு!"

லூசியஸின் முகம் சுண்டிப்போனது. நாடகக் கொட்டகைகளெல்லாம் படம் காட்டப் போய்விட்டன. இதுவும் போனால் அவருக்கு வேறு வேடமில்லை.

கௌபாய் கிளெம் அவர் பக்கத்தில் குந்தினான். "எனக்கு வேஷமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம் பெரியவரே. பவுடர் பூசிட்டுப் போனா என் குதிரையே என்னை உதைக்கும். நீங்க ஒழுங்கா சாவுங்க."

"உங்க ஆளுங்க தட்டாம இருந்தா சாக மாட்டேனா தம்பி?"

"நீங்க அப்படிப் பேசினா எப்படித் தட்டாம இருக்கிறது?"

கிளெம் தலையைச் சொறிந்தான். பிறகு கூடார முளைகள் நான்கைக் கொண்டுவந்து, படுத்திருந்த ஷெரீப்பின் நீளக் கோட்டைத் தரையோடு சேர்த்து அடித்து, மேலே மண்ணைத் தூவினான்.

லூசியஸ் முழங்கினார், செத்தார். கைதட்டல் எழுந்தது. அவரும் எழப் பார்த்தார்; கோட்டு விடவில்லை. முக்கினார், முனகினார், பாதி எழுந்து விழுந்தார். கடைசியில் ஒரு கையை மட்டும் வானத்தை நோக்கித் தூக்கிவிட்டுத் தொப்பென்று சாய்ந்தார்.

"அடடா, என்னமா உயிருக்குப் போராடுறாரு!" ஹோபர்ட் குதித்தேவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் படம் வெளியானது. லூசியஸ் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தான் சாவதை அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. திரையில் ஷெரீப் எழ முடியாமல் தவிக்க, கொட்டகையே அதிரக் கைதட்டல் எழுந்தது.

இங்கே கோட்டைப் பிடிக்க முளையில்லை. லூசியஸ் எழுந்தார், தொப்பியை மார்பில் வைத்துக் குனிந்தார்.

"யோவ், உக்காருய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஷெரீப் சாகறது மறைக்குது!"