எல்லாக் கடிகாரங்களும் சரி

விசாரணைக் குழுவின் தலைவர் கேட்டது ஒரே கேள்விதான். வயருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மூணாவது வார்டு கம்ப்யூட்டர் வேகமா ஓடுச்சுன்னு உங்க அக்கா சொல்றாங்க. எவ்வளவு வேகம்?"

அந்த ஆஸ்பத்திரியில் அவனுக்கு வயர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்தது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்கே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் வயரைக் கூப்பிடு என்பார்கள். அக்கா அங்கேயே நர்ஸ். அவனுக்கு இந்த வேலைக்குச் சொல்லி வைத்ததும் அவள்தான்.

போன மாதம் அவள் வார்டில் ஒரு பெரியவர் மூச்சுத் திணறி இறந்துபோனார். கட்டிலோரத்து மானிட்டர் அலறியது நாலு ஐந்துக்கு. அக்கா கம்ப்யூட்டர் வழியாக டாக்டருக்குத் தகவல் அனுப்பியது நாலு இருபத்தைந்துக்கு. அப்பன் தவித்துக்கொண்டிருந்தபோது இவள் எங்கே போய்த் தொலைந்தாள் என்று மகன்கள் கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள்? அலறியதுமே அனுப்பிவிட்டேன் என்றாள் அக்கா. அது சத்தியமான பேச்சு. அந்தக் கம்ப்யூட்டர் ஓர் அவசரக்குடுக்கை, ஊருக்கெல்லாம் முன்னால் ஓடும். அதைப் பார்த்து வீட்டுக்குக் கிளம்பினால் சீக்கிரம் போய்விடலாம் என்று நர்ஸுகள் கேலி பேசுவார்கள். ஆனால் தகவலில் விழுந்திருந்தது அந்த அவசரக்குடுக்கையின் மணிதான். டாக்டரோ, தகவல் வந்ததும் ஓடி வந்தேன், மணி பார்க்கவில்லை என்று நழுவிக்கொண்டார். குற்றம் உறுதியானால் அக்கா இனி எந்த ஆஸ்பத்திரியிலும் நர்ஸாக நிற்க முடியாது.

மகன்களின் புகாரை விசாரிக்கக் குழு வருகிறது என்றதும் மேலாளருக்கு உதறல் எடுத்துவிட்டது. அவர்கள் வருவதற்குள் கட்டடம் முழுக்க ஒரே மணி ஓடவேண்டும் என்றார். வயர் துள்ளிக் குதிக்காத குறை. வருடக்கணக்காக அவன் கெஞ்சிய வேலை அல்லவா அது! அங்கே இருந்தது ஒரு சாதி மெஷினா? புது விண்டோஸ், பழைய விண்டோஸ், லினக்ஸ் சர்வர், கதவோரம் கார்டு தேய்க்கும் பெட்டி, லேபில் யாரோ புண்ணியவான் தானம் கொடுத்த கிழட்டுக் கம்ப்யூட்டர். ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டு திரிந்தன. சர்வரை வெளியுலக நேரத்தோடு கட்டினான். மற்றவை எல்லாம் சர்வரிடம் மணி கேட்டு நடக்கவேண்டும் என்று வைத்தான். புதியவை சொன்ன பேச்சைக் கேட்டன. லேப் கிழம் முரண்டு பிடித்தது, அதற்குத் தனியாக ஒரு புரோகிராம் ஏற்றினான். மானிட்டர்களை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினான்.

ஆனால் முதன்முதலில் தொட்டது மூன்றாவது வார்டுக் கம்ப்யூட்டரைத்தான். அக்காவுக்கு நல்லது செய்கிற அவசரம். கடிகாரம் சரியானால் உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று நம்பினான், மடையன். ஒரு தட்டு தட்டினான். மணி பின்னால் குதித்தது. எவ்வளவு குதித்தது என்று அவன் பார்க்கவில்லை. சர்வரோடு சேர்ந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தான். சேர்ந்திருந்தது.

மணியை மாற்றினால் கம்ப்யூட்டரே அதைத் தன் பதிவில் எழுதி வைக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று பதிவையே நிறுத்தி வைத்தவன் யார்? அதுவும் இவன்தான். வேறு மெஷின்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம் என்றால், அவற்றின் பழைய பிசகும் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் அவனே நேராக்கிவிட்டான்.

"தோராயமா இருபது நிமிஷம் சார்," என்றான்.

"தோராயமாவா? இன்னிக்கு நாங்க செக் பண்ணினோம். ஒரு நொடி கூடத் தப்பில்ல. எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?"

தாங்கள் பார்ப்பது திருத்தப்பட்ட மெஷின் என்று அவர்களுக்கும் தெரியும். திருத்தியவன் அவளுடைய தம்பி என்பதும் தெரியும். அதனால் அவன் வாயிலிருந்து எந்த எண் வந்தாலும் அது எடுபடாது. போகலாம் என்றார்கள்.

அக்கா கீழே உடை மாற்றும் அறையில் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். வார்டுப் பக்கம் போகக்கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் கையில் வாட்ச் இருந்தது. வார்டுக் கம்ப்யூட்டரில் ஏறும் மணியும் தான் கைப்பட எழுதும் மணியும் ஒத்துப்போகட்டும் என்று அந்த வாட்சையும் அவள் வேகமாகவேதான் வைத்திருப்பாள். அது நினைவுக்கு வந்ததும் வயர் அவளிடம் ஓடினான். கட்டடத்தில் அவன் கை படாத ஒரே கடிகாரம் அது.

"அக்கா, வாட்ச்ல மணி என்ன?"

அவள் கையை நீட்டினாள். அவன் தன் போனைப் பார்த்தான், வாட்சைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். இரண்டும் ஒன்றுதான்.

"நீதானேடா வந்து சொன்னே, எல்லாம் சரி பண்ணியாச்சுன்னு. அன்னிக்கே நானும் மாத்திட்டேன்."

"எவ்வளவு பின்னால திருப்பினே?"

"முள்ளத் திருப்பினேன். யாரு கணக்குப் பாத்தா?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று அவளுடைய பையை வாங்கிக்கொண்டான். இருவரும் வெளிக்கதவு வரை நடந்தார்கள். பழக்கதோஷத்தில் அக்கா பெட்டியில் தன் கார்டைத் தேய்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு தரம் தேய்த்தாள். விளக்குக்கு மேலே மணி ஓடிக்கொண்டிருந்தது, நொடி பிசகாமல். வயர் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு தன் கார்டைத் தேய்த்தான். பச்சை எரிந்தது.