இர்வின் வீட்டு வாசல்நிலை

எங்கள் யூத ஜெப ஆலயத்தில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து நான்கு பேரைக் கொன்ற மறுவாரம், பக்கத்து வீட்டு இர்வின் திடீரென்று பக்தியுள்ள யூதனாகிவிட்டான். பிறப்பால் யூதன் என்றாலும் நாற்பது வருடமாக, நமக்கு விலக்கப்பட்ட பன்றிக்கறியைத் தின்றே பொழுதைக் கழித்தவன், வாசல்நிலையில் முழ நீளத்துக்கு வேதச்சுருள் வைக்கும் பித்தளைக் கூடான மெசூசா ஒன்றை அறைந்திருந்தான்.

நான் சும்மா இருப்பேனா? கழற்றித் திறந்து பார்த்தேன். வேதவசனம் எழுதிய தோல்சுருளைக் காணோம். உள்ளே கடை ரசீதுதான் இருந்தது.

"யோவ் இர்வின், உள்ள ஒண்ணுமே இல்லையே! நீயெல்லாம் ஒரு யூதனாய்யா?"

இர்வின் ரசீதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"செத்துப்போன என் தம்பி லெஸ்டரும் இப்படித்தான்யா. ஜெபம் முடிஞ்சதும் குடுக்கற ஓசி மீனுக்கும் ரொட்டிக்கும்தான் அன்னைக்கு அங்க போனான். சுட்டவன் உள்ள என்ன இருக்குன்னு திறந்து பாத்துட்டா சுட்டான்?"

கழற்றிய ஆணியை நான் குனிந்து தேடினேன்.