டாக்டர் கட்டிய கட்டு

படப்பை தாண்டவராயன் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது டாக்டர் தாண்டவராயனின் ஆளுயரப் படம். அதன் கீழே பொன்னெழுத்தில் 'கனிவின் சிகரம்'. எந்தச் சங்கம் கொடுத்த பட்டம் என்று யாரும் கேட்பதில்லை. சங்கத்துக்குத் தலைவரே அவர்தான்.

அந்தச் சிகரத்தில் அடிக்கும் காற்றுக்கு ஊழியர்களிடம் தனி வானிலை அறிக்கை இருந்தது. அவர் கார்க் கதவைச் சாத்துகிற சத்தத்தை வைத்தே மூத்த நர்ஸ் அமலா, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது போல ஏற்றிவிடுவாள்.

"இன்னிக்கு எட்டாம் நம்பருடி. எவளும் வாயத் தொறக்காதீங்க."

அன்று ஆபரேஷன் தியேட்டரில் படுத்திருந்தவன் அருள்பாண்டி. கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. பிரஸ் மெஷின் அவன் ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்திருந்தது. டாக்டர் விரலை மரத்துப்போகச் செய்து, ரத்தம் வராமலிருக்க அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை இறுக்கிவிட்டுத் தைக்க ஆரம்பித்தார்.

கத்தரிக்கோலை நீட்டிய விதம் சரியில்லை என்று ஒரு கத்தல். நூல் நீளம் என்று ஒரு கத்தல். "மாடு மேய்க்க வேண்டியதெல்லாம் கோட்டு மாட்டிக்கினு வந்து நிக்குது!" என்று உதவிக்கு நின்ற நர்ஸ் வேல்விழிக்கு ஓர் அர்ச்சனை. கடைசியில் கருவித் தட்டே தரைக்குப் பறந்தது. அதே வேகத்தில் தானே கட்டைப் போட்டுவிட்டு, கையுறையை உருவி எறிந்து வெளியேறினார்.

சிதறியதைப் பொறுக்கும்போதுதான் வேல்விழிக்குச் சுருக்கென்றது. ரப்பர் வளையத்தைக் காணோம். தரையில் இல்லை, குப்பையில் இல்லை, தட்டுக்கு அடியிலும் இல்லை. அப்படியென்றால் கட்டுக்குள்தான் இருக்கிறது, விரலை இறுக்கிக்கொண்டு. ரத்தம் போகாத விரல் சில மணி நேரத்தில் கருத்துவிடும். அப்புறம் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

விரலுக்குச் சொந்தக்காரனோ வார்டில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான். "தங்கமான டாக்டரும்மா. வலிக்கவே இல்ல."

டாக்டர் கட்டிய கட்டை டாக்டர்தான் பிரிக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். முன்பு ஒருமுறை அதை மீறிய நர்ஸ் ஜோதி, இப்போது தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை பிரித்துக் காட்டுகிறாள்.

டாக்டரிடம் நேராக எதையும் சொல்லக்கூடாது என்பது இன்னொரு சட்டம். நர்ஸ் அமலாவிடம் சொல்ல வேண்டும், அமலா மேனேஜர் டில்லிபாபுவிடம், டில்லிபாபு சமயம் பார்த்து டாக்டர் காதில். படி ஏற ஏற விஷயத்துக்கு மெருகு ஏறும். "ரப்பரு உள்ளயே இருக்குக்கா" என்று வேல்விழி பதறியது, அமலாவின் வாயில் "அந்தக் கட்டுல சின்னதா ஒரு டவுட்டு கீதாம்" என்று ஆனது. டில்லிபாபு மாடிக்குப் போய்விட்டு மலர்ந்த முகத்தோடு இறங்கி வந்தார்.

"சொல்ட்டேம்மா. 'இன்னிக்குப் போட்ட கட்டு சூப்பரா கீதுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க சார்'ன்னேன். செம குஷியாயிட்டாரு."

வேல்விழிக்கு அழுகை முட்டியது. பிறகு, முட்டிய இடத்திலேயே நின்று யோசித்தாள். இந்த ஆஸ்பத்திரியில் மாடி ஏறக்கூடிய சரக்கு ஒன்றே ஒன்றுதான், புகழ்ச்சி. சரி, அதையே ஏற்றிவிடுவோம். அதுவும் பலிக்காவிட்டால் தானே கட்டை வெட்டிவிடுவது, ஜவுளிக்கடையும் கடைதானே.

புதுக் கையுறை, கத்தரிக்கோல், துணிச்சுருள் எல்லாவற்றையும் தட்டில் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

"தம்பி, எந்திரி. மாடிக்கு வா."

"எதுக்குக்கா?"

"ஒங்க தங்கமான டாக்டருக்கு நன்றி சொல்லாண்டாமா? வா."

மாடி ஹாலில் சுற்றுவட்டாரக் கம்பெனிகளின் பாதுகாப்பு அதிகாரிகளுக்குக் கூட்டம். டாக்டர் பேசிய தலைப்பு: 'பணியிடத்தில் பொறுமை'. "கோபம் என்பது கோழைகளின் ஆயுதம்..." என்று அவர் நிறுத்தி, கைதட்டலுக்குக் காத்திருந்த இடைவெளியில் வேல்விழி நுழைந்தாள்.

"மன்னிக்கணும் சார். இந்தத் தம்பி விரல நீங்க தச்ச அழகுதான் ஆஸ்பத்திரி பூரா பேச்சு. வந்திருக்கவங்களும் பாக்கட்டும். ஒங்க கையாலயே பிரிச்சுக் காட்டுங்க சார்!"

ஹால் கைதட்டியது. பத்துப் பதினைந்து செல்போன்கள் எழுந்தன. 'கனிவின் சிகரம்' கையுறையை மாட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்தபடியே கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தது.

கடைசிச் சுற்று விலகியதும் விரல் தெரிந்தது. நீலம் பாரித்து, மெழுகு போல. அடியில் சதைக்குள் புதைந்த ரப்பர் வளையம். டாக்டரின் முகத்தில் சிரிப்பு மட்டும், போகச் சொல்ல ஆளில்லாமல், அங்கேயே நின்றது. வேல்விழி கத்தரிக்கோலை நீட்டினாள். நீட்டிய விதம் பற்றி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி வெட்டினார்.

வேல்விழி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அடியிலிருந்து மெல்ல மெல்லச் சிவப்பு ஏறி, நகக்கண் வரை வந்து சேர்ந்தது. 

டாக்டர் தொண்டையைச் செருமினார். "இதைத்தான் சொல்ல வந்தேன். எவ்வளவு பெரிய நிபுணரானாலும் மறுபடி ஒருதடவை பார்க்கணும். அதுக்காகத்தான்... இந்த டெமோ."

முன்வரிசையில் இருந்த வெங்கடேசன் என்ற அதிகாரி வெள்ளந்தியாக எழுந்தார். "அருமை சார்! எங்க லைன்ல இந்த மாதிரி டெமோ நடந்தா, நூலிழைல தப்பிச்சதுன்னு சொல்லுவோம். ஆபத்த மொதல்ல பாத்தவங்கள மேடைக்குக் கூப்ட்டுக் கை குடுப்போம். இங்க மொதல்ல பாத்தது யாரு சார்?"

டாக்டர் ஹாலைப் பார்த்தார். செல்போன்கள் இன்னும் தூக்கியபடியே இருந்தன.

"நம்ம... சிஸ்டர்தான்."

"பேரு சார்?"

ஒரு வருஷமாக மாடு, எருமை என்று எத்தனையோ பெயர் வைத்துக் கூப்பிட்டவருக்கு இந்த ஒன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"வேல்விழி சார்," என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் கை கொடுத்தார். கையுறைக்குள் கை ஜில்லென்று இருந்தது.

சாயங்காலம் மரப்பு விட்டதும் அருள்பாண்டி வார்டே அதிரக் கத்தினான்.

"யக்கா! விண்ணு விண்ணுன்னு தெறிக்கி! உசிரு போகுதுக்கா!"

வேல்விழி ஓடிவந்து அவன் நகத்தை அழுத்தினாள். வெளுத்தது. விட்டதும் ரத்தம் ஓடிச் சிவந்தது. இன்னொருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, வலி மாத்திரையைக் கொடுத்தபடி சிரித்தாள்.

"இன்னாடி, அவன் கத்திக்கினு கீறான், நீ சிரிக்கிற?" என்றாள் அமலா.

"இந்த ஆஸ்பத்திரியில காது குளிர ஒரு கத்தல் இன்னைக்குத்தான்க்கா கேக்கேன்."