தவிட்டுக்கு ஓர் ஐம்பத்தெட்டு மாடல்

என் கணவரைப் பழைய கார் ஏலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஐம்பத்தெட்டாம் வருடத்து மாடல் என்பதால் சிக்கல் எதுவும் வரவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து அவரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஓடுதா?"

"நடப்பாரு. மாடிப்படி ஏறுறதுதான் ஆகாது."

"எங்க அசெம்பிள் பண்ணினது?"

"காட்பாடியில."

பதினான்கு என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டினார். இன்று பார்வை நாள், நாளைக் காலை ஏலம், விலை படிந்தால் இன்றே பேசி முடிக்கலாம் என்றார். கார்களைத் தட்டிப் பார்க்கலாம், மனம் நோகும்படி பேசக்கூடாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இவருக்கு இதயம் சரியில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இந்த மாடலுக்கு இப்போது பார்ட்ஸ் வருவதில்லை என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். கூட்டிப்போக வருகிறவர் பார்ப்பார். தவிட்டுக்குப் போன சரக்கு, அதுவும் இன்னொருவருடையது என்று போய்விடுவார். பிள்ளை, பெற்றவர்கள் வீட்டிலேயே வளரும்.

அறுபது தாண்டியவரை எந்த வீட்டிலும் வாங்கவில்லை. கேட்டுப் பார்த்தேன். எதிர் வீட்டில் ஏற்கெனவே ஃப்ரிட்ஜ் இருக்கிறது என்றார்கள். பழையதை விலை கேட்க ஆள் வருகிற இடம் இது ஒன்றுதான்.

ஆலந்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கார்களை வைத்திருந்தார்கள். மணமேடையில் ஒரு கறுப்பு பியூக் நின்றது. அதன் பின் சீட்டில் ஒரு குடும்பம் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அறுபத்து மூன்றாம் வருடம் திருப்பதிக்குக் கிளம்பியவர்கள். காரோடு சேர்த்துத்தான் விலை. சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் ஆஸ்டின் தூங்கியது. அதன் பக்கத்தில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்.

என் கணவருக்கு ஒரு ஹெரால்ட் காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

"விலை போவேனா, வேதா?" என்று கேட்டார்.

"போகாம எங்க போவீங்க? பேசாம உக்காருங்க."

முதலில் டார்ச் லைட்டோடு ஒருவர் வந்தார். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"தலையில ஒரிஜினல் பெயின்டா?"

"டை. பொங்கலுக்கு அடிச்சது."

"அதை ஏன் சொல்ற?" என்றார் இவர்.

"விக்கிறவ நான். உண்மையைச் சொல்லணும்."

டார்ச் லைட்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. தவிட்டுக்குக்கூடத் தேறாத ஆளா இவர்?

அப்போதுதான் சஃபாரி சூட் போட்டவர் உள்ளே வந்தார். கையில் குடை. அவர் யார் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போன மாதம் எங்கள் மாடிவீட்டு ஜெயச்சந்திரனை அவர்தான் வந்து பார்த்தார். பார்த்த மறுநாள் ஜெயச்சந்திரன் இல்லை. நல்ல மரியாதையான மனிதர். பியூக்குக்கு ஒரு கும்பிடு போட்டார். எங்களைப் பார்த்து நடந்தார். அவர் நடக்க நடக்க மண்டபம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அவர் அவசரப்படவில்லை.

நாளை ஏலம் வரை விட்டால் இவரை அவர்தான் எடுப்பார். அதற்குள் வேறு யாராவது வாங்கியாக வேண்டும். அதுவரை அவருக்கு ஆசை வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பெரிய கவலை இல்லை. இவருடைய குறைகளைச் சொல்வதில் கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பழக்கம் உண்டு. சொந்தக்காரர்களைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"ஒண்ணுக்கும் உதவாதவருங்க" என்று சத்தமாக ஆரம்பித்தேன். "ராத்திரியெல்லாம் குறட்டை."

"எப்ப ஆரம்பிப்பாரு?" என்று கேட்டார் சஃபாரி சூட்.

"நான் தூங்கற வரைக்கும் முழிச்சிருப்பாரு. அதுக்கப்புறம்."

"அப்படியா?" ஓர் அடி கிட்டே வந்தார்.

"காய் வாங்கத் தெரியாது. முத்தின வெண்டைக்காயாப் பாத்து வாங்கிட்டு வருவாரு."

"ஏன்?"

"அந்தம்மாகிட்ட வேற யாரும் வாங்க மாட்டாங்களாம்."

இன்னும் ஓர் அடி.

"கோபம் வந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. பேச மாட்டாரு."

"எவ்வளவு நேரம்?"

"காபி கொடுக்கற வரைக்கும்."

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பெண்மணி தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். என் வாய்க்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. திட்டத்தான் திறக்கிறேன், வேறு என்னவோ வருகிறது. எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நல்ல மனிதரோடு இருந்திருக்கிறேன் என்பது போயும் போயும் இந்த இடத்திலா எனக்குத் தெரியவேண்டும்?

சஃபாரி சூட் குனிந்து இவர் நெஞ்சில் காதை வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்ஜின்ல ஒரு சத்தம் வருது" என்றார். "எனக்குப் பிடிச்ச சத்தம். நாளைக்கு முதல் ஆளா வந்துடறேன்."

அந்த நேரத்தில் ஹெரால்டுக்கு அடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. எஸ்தர் தங்கையா என்ற அம்மாள். பழைய கார்களை வாங்கிப் பழுது பார்ப்பவராம். சேலையை வரிந்து கட்டியிருந்தார். கன்னத்தில் கிரீஸ்.

"இவர் வண்டி ஓட்டுவாரா?"

"ஓட்டுவாரு. ஆனா தெருவுல நாய் படுத்திருந்தா ஹாரன் அடிக்க மாட்டாரு. அது எந்திரிக்கற வரைக்கும் நிப்பாரு. இவரால ரெண்டு ரயில விட்டிருக்கோம்."

அந்த அம்மாள் யோசித்தார். "இந்த வண்டிய இப்பத்தான் பேசி முடிச்சேன். ஹாரன யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க. இவர் சரிப்பட்டு வருவாரு. என்ன விலை?"

"ஒரு பிடி தவிடு."

தரையில் சிந்தும் ஆயிலை ஒற்றி எடுக்க ஒரு சாக்கில் தவிடு வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு பிடி அள்ளினார். நான் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டேன். என் கணவர் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார்.

சஃபாரி சூட் இன்னும் போகவில்லை.

"தணிகாசலம்" என்று கூப்பிட்டார். அன்பாகத்தான் கூப்பிட்டார்.

யார் கூப்பிட்டாலும் திரும்புகிற மனிதர் இவர். திரும்பவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது.

சஃபாரி சூட் என்னைப் பார்த்தார். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

மண்டபத்தில் பேச்சு நின்றது. ஆஸ்டின் விழித்துக்கொண்டது.

"யாரும் இல்ல" என்றேன்.

"தெரிஞ்சவரா?"

"பாத்ததே இல்ல."

இந்த வாயால் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஆளுக்காக அழக்கூடாது என்பதால் பியூக்கைப் பார்த்து அழுதேன். உள்ளே இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி ஒரு கைக்குட்டை கொடுத்தார்கள்.

"தவிட்டுச் சரக்கா" என்றார் சஃபாரி சூட். குடையை இடுக்கிக்கொண்டு பதினைந்தாம் எண்ணைப் பார்க்கப் போனார்.

நான் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சஃபாரி சூட்டும் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். மழை இல்லை. குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

ஹெரால்ட் வந்து நின்றது. என் கணவர் ஓட்டிவந்தார். பக்கத்தில் எஸ்தர் தங்கையா. இவர் ஜன்னல் வழியாக என்னை எட்டிப் பார்த்தார்.

"மேடம், நீங்க எந்தப் பக்கம் போறீங்க?"

என்னை அவர் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் முறை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"குரோம்பேட்டை."

"நானும் அந்தப் பக்கந்தான். ஏறிக்குங்க."

பின் சீட்டில் ஏறினேன். பல்லாவரத்தில் எஸ்தர் தங்கையா இறங்கினார். "வண்டியும் ஆளும் என்னோடது. ஆனா நிறுத்தி வெக்க எனக்கு இடமில்ல. உங்க வாசல்ல நிக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாக்கோடு போனார்.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சஃபாரி சூட் குடையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். அவசரம் இல்லாமல்தான் வந்தார். ஆனாலும் எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு லாரிதான் இருந்தது.

"வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"ஒருத்தர் இருந்தாரு."

"எப்படி, நல்லவரா?"

"சுமார்தாங்க."

அவர் தலையாட்டினார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் தெரு முனை வந்தது.

"இங்க திரும்பணுமா, மேடம்?"

"இல்லீங்க" என்றேன். "நேராப் போங்க."