காதோரத்து வெட்டு

பெனாயா வீட்டுச் சமையல் கொட்டகைக்குப் பின்னால், தேங்காய் மட்டைகள் குவிந்து கிடந்த இடத்தில் வசிதி முழங்காலிட்டிருந்தாள். எதிரே செம்பட்டை நிறத்தில், ஊரில் திரியும் ஒரு பெட்டை நாய், ஐந்து குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. வசிதி அதன் இடது காதை மெல்லப் பிடித்துப் பார்த்தாள். காதின் ஓரத்தில் சின்னதாக முக்கோண வெட்டு, தையற்காரர் துணியில் அடையாளத்துக்கு வைப்பது போல. பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு அடிவயிற்றில் விரல் வைத்துத் தேடினாள். தொப்புளுக்குக் கீழே அறுவைத் தழும்பு நூல் போலத் தடித்து இருக்க வேண்டும். இல்லை. திரும்பவும் தேடினாள். பால் கட்டிய மடியும் சூடான மெல்லிய தோலும்தான் கையில் பட்டன. நாய் அவளைக் கடிக்கவில்லை, உறுமவில்லை. தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

வைலோமாவின் ஊர்த்தலைவர் பெனாயா, தகரக் குவளையில் தேநீரோடு பின்னால் நின்றிருந்தார்.

"காதப் பாத்தா குட்டி போடாத நாயி. வயித்தப் பாத்தா அஞ்சு குட்டி. உன் டாக்டர் எந்தப் பக்கத்த அறுத்தாருன்னு கேட்டுட்டு வா."

வேறு நாளாக இருந்தால் வசிதி சும்மா விட்டிருக்க மாட்டாள். அவளுடைய அப்பாவின் ஊருக்கும் வைலோமாவுக்கும் கேலிமுறை உண்டு. இரண்டு ஊருக்கும் ஆதியில் தெய்வம் ஒன்று என்பார்கள். அதனால் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவள் வரும்போதெல்லாம் பெனாயா அவளைக் கிழங்கு திருடி என்பார். அவள் அவரைப் பொக்கை வாய்ப் பன்றி என்பாள். இன்றைக்குத் திட்டவில்லை. சில நாய்களுக்குத் தழும்பு மறைந்துவிடும் என்று மட்டும் சொன்னாள்.

"தழும்பு மறையும். கருப்பையுமா மறுபடி முளைக்கும்?"

பெனாயா குவளையைக் கீழே வைத்துவிட்டு அவளருகில் குந்தி உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டது. "ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சு ஊர்க்கூட்டம். எல்லாரும் என்னத்தான் கேப்பாங்க. நான் என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்கம்மா."

'நீங்க' என்றும் 'அம்மா' என்றும் அவர் அவளை அழைத்தது அதுதான் முதல் தடவை.

மூன்று வருடங்களுக்கு முன்னால், சடங்குகளில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டைப் பாயின் மேல் வைத்து, இந்த ஊரின் முன்னால் குனிந்து உட்கார்ந்து அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அதுவரை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் இளைஞர்கள் தடியெடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். கோழிகளைப் பிடிக்கும் நாய், கிழங்குத் தோட்டத்தைக் கிளறும் நாய், சும்மா திரியும் நாய், எல்லாம் ஒன்றுதான். குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றில் விடுவார்கள். யாரும் கொடியவர்கள் இல்லை. நாய்கள் பெருகிக்கொண்டே போனால் வேறு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வசிதி கேட்டது ஒன்றே ஒன்று: பெட்டைகளை நான் நடத்தும் நாய்க் காப்பகத்துக்குக் கொடுங்கள், டாக்டர் அறுவை செய்து திருப்பித் தருவார், காதில் வெட்டு இருக்கும் நாய் இனி குட்டி போடாது, அதை மட்டும் அடிக்காதீர்கள். ஊர் யங்கோனாவை ஏற்றுக்கொண்டது. கை தட்டிக் கோப்பையைக் குடித்தார்கள். அந்த வாக்கு அதற்குப் பிறகு பக்கத்து நான்கு ஊர்களுக்கும் பரவியது. இப்போது காது வெட்டிய நாய்கள் முந்நூறுக்கு மேல் இருக்கும். அந்த வெட்டுதான் அவற்றின் உயிர்.

வெட்டிய கை டாக்டர் ஹர்தேவுடையது. வனுவா லெவு தீவின் இந்தக் கரையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் அவர் ஒருவர்தான். எழுபத்தொரு வயது. சந்தைக்குப் பின்னால் உள்ள மேட்டில் வீடு, வீட்டுக்குக் கீழே மருத்துவ அறை. வியாழக்கிழமை முழுதும் காப்பகத்துக்கு. ஒரு காசு வாங்க மாட்டார். அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. ஊசி, சவரம், காது, பிறகுதான் வயிறு. மற்ற டாக்டர்கள் எல்லாம் காதைக் கடைசியில்தான் வெட்டுவார்கள் என்று வசிதி கேள்விப்பட்டிருந்தாள். ஆரம்பத்தில் இவரும் அப்படித்தான் செய்தார். ஆனால் முதல் வருடம் ஒரு நாய் காது வெட்டும் முன்பே விழித்து வேலியைத் தாண்டி ஓடிப்போய்விட்டது. வயிற்றில் தையலோடு ஊருக்குத் திரும்பிய அதை அடையாளம் தெரியாமல் அடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் டாக்டர் சாப்பிடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து காது முதலில் என்று வைத்துக்கொண்டார்.

பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் வசிதி அந்தச் செம்பட்டை நாய் அறுவைக்கு வந்த மார்ச் மாத வியாழக்கிழமையை நினைவில் தேடினாள். கிடைத்தது. பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். வசிதி முற்றத்தில் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் அரை மணிக்குள் திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே, "அதக் கொண்டுபோய்ப் பாயில போடு" என்றார். மேசையில் செம்பட்டை நாய் தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு சவரம் செய்திருந்தது, காதில் வெட்டு இருந்தது. அவள் துண்டில் சுற்றி, குப்புறத் தூக்கிக்கொண்டு போனாள். புரட்டிப் பார்க்கவில்லை. அவளும்தான் பார்க்கவில்லை.

ஒரு நாய், ஒரு பசு, ஓர் அவசரம். அப்படி நினைத்துக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் வழியில் இறங்கினாள். அந்திவரை இரண்டு ஊர்களில் வீடு வீடாகப் போனாள். உண்ணி பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு காது வெட்டிய பெட்டைகளை மல்லாத்தி வயிற்றைத் தடவினாள். பதினான்கு நாய்களில் இரண்டுக்குத் தழும்பு இல்லை. இரண்டும் ஜூனுக்குப் பிறகு வந்தவை. அந்த வியாழக்கிழமைகளில் எந்தப் பசுவுக்காகவும் டாக்டர் பாதியில் ஓடவில்லை.

புதன்கிழமை காலையில் அவள் மேட்டு வீட்டுக்குப் போனாள். டாக்டர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பிரேம்வதி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வசிதி எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றாள். சமையலறை இழுப்பறைகள் ஒவ்வொன்றிலும் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கரண்டி. தீப்பெட்டி. உங்கள் மாத்திரை. பிரேம்வதி அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். கையிலிருந்த மாவை மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தாள்.

போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே இப்படித்தான், என்றாள். வீட்டில் சில நாள் அவளையே யார் என்று கேட்கிறாராம். மகள் ஆக்லாந்துக்கு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். போகலாம்தான். வசிதி நாய்களைப் பற்றிச் சொன்னாள். மூன்று என்று சொன்னாள். தேடினால் இன்னும் இருக்கும் என்று சொல்லவில்லை.

"வியாழக்கிழம மட்டுந்தான் அவரு அவரா இருக்காரு, வசிதி. புதன் ராத்திரியே சட்டைய எடுத்து வைக்கச் சொல்லிடுவாரு. அத நிறுத்திட்டேன்னா எனக்கு யாரு மிஞ்சுவாங்க?"

பிரேம்வதி ரொட்டி கொடுத்தாள், வசிதி சாப்பிட்டாள். டாக்டர் ஈரத்தலையோடு வந்து, என்ன, கிழங்கு திருடி காலங்கார்த்தாலேயே வந்துட்டா என்று சிரித்தார். அது பெனாயாவின் கேலி. கேட்டுக் கேட்டு அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதெல்லாம் மறக்கவில்லை.

மத்தியானம் அவள் தலைநகர் சுவாவிலுள்ள கால்நடைத் துறைக்குத் தொலைபேசி போட்டாள். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்தது. கடைசியில் ஒரு பெண் அன்பாகவே பேசினாள். தீவுகளுக்கு அனுப்ப டாக்டர்கள் இல்லை, புயல் காலம் கழிந்து ஒரு குழு வரலாம், கடிதம் எழுதிப் போடுங்கள் என்றாள். உங்கள் ஊரில்தான் ஏற்கனவே ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு என்ன என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் அவருடைய உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்த பசு தவிக்கும்போது ஓடுவதற்கு ஆள் இருக்காது. ஊர்க்கூட்டத்தில் சொன்னால் முந்நூறு காதுகளும் ஒரே நாளில் வெறும் காதுகளாகிவிடும். சொல்லாவிட்டாலும், குட்டிகள் சொல்லிவிடும். ஒன்றுமில்லை, அவருக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை அவள் நினைக்காதது நடந்தது. மருத்துவ அறைக்குப் பெனாயா வந்திருந்தார், தன் வாகனத்தில், தன்னுடைய நாயோடு. அதன் பெயர் மோலி, காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் பெட்டை. அதன் குட்டிகளுக்காக ஆட்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். அதை அறுவைக்குக் கொடுக்க அவர் இதுவரை ஒப்பியதே இல்லை.

"என் நாய அறுங்க. நான் சன்னல்ல நின்னு பாக்குறேன். பாத்தத ஞாயித்துக்கிழம சொல்றேன். வேற யாரு சொன்னாலும் இனிமே எடுபடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் அந்த வெட்டைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறார் என்று வசிதிக்குப் புரிந்தது. நாயைத் திருப்பி அனுப்ப அவளால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்றால் அதுவே பதிலாகிவிடும்.

அவள் கூண்டுகளைக் கழுவப் போகவில்லை. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு மேசையருகில் நின்றாள். டாக்டர் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்து ஊசி போட்டார். மோலியின் கண்கள் மெல்லக் கலங்கி நின்றன. சவரம் செய்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். வசிதி காதைத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, இன்றைக்கு மட்டும் காதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்: "கடைசியில வச்சா மறந்துடுவோம்மா."

நான் மறக்க மாட்டேன் என்றாள் வசிதி. சன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு அப்பால் பெனாயாவின் சட்டை தெரிந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். பின் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார்.

அதன் பிறகு எல்லாம் சரியாக நடந்தது. எத்தனையோ வியாழக்கிழமைகளில் வாசலிலிருந்தே பார்த்ததுதான் என்றாலும், இவ்வளவு அருகில் அவள் நின்று பார்த்ததில்லை. அந்த விரல்களுக்குத் தனியாக ஒரு மூளை இருப்பது போலிருந்தது. சின்னக் கீறல், உள்ளே கொக்கி, வலது பக்கச் சினைப்பை, கட்டு, இன்னொரு கட்டு, வெட்டு. இரத்தம் ஒரு துளிக்கு மேல் இல்லை. வெளியே பெனாயா தொண்டையைச் செருமிக்கொண்டார். திருப்தியான செருமல். வசிதியின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

அப்போதுதான் டாக்டரின் கை நின்றது.

இடுக்கியில் நூல் இருந்தது. இடது பக்கம் இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை. அவர் திறந்த வயிற்றைப் பார்த்தார், பிறகு தன் கையுறையைப் பார்த்தார். யாரோ தன் கையில் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல நூலைப் பார்த்தார். பிறகு வசிதியை நிமிர்ந்து பார்த்தபோது, அந்தக் கண்களில் பயமில்லை, வெறும் மரியாதை இருந்தது; புதிதாக வந்த ஒருவரை உள்ளே அழைப்பதற்கு முன்னால் இருக்கும் மரியாதை.

"நீங்க யாரப் பாக்க வந்தீங்க?"

மயக்க மருந்து நாற்பது நிமிடம் தாங்கும். சுவர்க் கடிகாரத்தில் இருபத்தாறு போயிருந்தது. பெனாயாவின் செருமல் நின்றுவிட்டது. மாடியில் பிரேம்வதி நடந்துகொண்டிருந்த சத்தமும் நின்றுவிட்டது. வசிதி சன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே என்னவெல்லாம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எதைத் தொட வேண்டும் என்று வாயால் சொல்லத் தெரியும். ஆனால் அதைச் செய்யத் தெரிந்த கை அவளுடையது இல்லை. டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் உதவியாளைப் போல, வெளியே நிற்பவருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க சொன்ன மாதிரியே, டாக்டரே. அடுத்தது இடது பக்கம். கொக்கிய உள்ள விடணும்."

அவர் தலையசைத்தார். கை அசையவில்லை. அவள் அதையே மறுபடி சொன்னாள், இன்னும் மெதுவாக. மின்விசிறிக் காற்றில் நூலின் நுனி ஆடியது. இளகத் தொடங்கிய மருந்துத் தூக்கத்தில் மோலியின் முன்னங்கால் ஒன்று மெல்ல அசைந்தது, பிறகு இன்னொன்று. எங்கேயோ ஈரமான காட்டுச் சரிவில் எதையோ துரத்துவது போல, நான்கு கால்களும் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கின.