தையலுக்குள் போன பாலம்

"மடிக்காதீங்க! அதை மடிக்காதீங்க!"

கட்டிங் மாஸ்டர் போட்ட கூச்சலில் கடைக்காரரின் கை அப்படியே நின்றது. கடைக்காரர் அந்த வெளிநாட்டு ஊர்க்காரர். வார்த்தை புரியாவிட்டாலும் தொனி புரிந்துவிட்டது. பாதி மடிந்திருந்த மலைப்பகுதி மேப்பை மாஸ்டர் பறிக்காத குறையாக இழுத்து மேஜை மேல் விரித்தார். அவர் விரல் ஓர் ஒற்றையடிப் பாதையைப் பிடித்தது. ஊர்ந்தது. சட்டென்று நின்றது.

அங்கே ஓர் ஆறு ஓடியது.

இருக்கவே கூடாத ஆறு.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றான் மச்சான். மாஸ்டரின் மனைவிக்குத் தம்பி. தோளில் ஒன்று, கையில் இரண்டு என்று மூன்று பேரின் பைகளையும் அவன்தான் சுமந்துகொண்டிருந்தான்.

"மச்சான்... உன் அக்கா கையில இருக்கிற மேப்ல இந்த ஆறு இல்லடா."

"அவ்வளவுதானா? ஒரு ஆறு குறைஞ்சா என்ன, கால் நனையாம போயிடுவா."

"ஆறு மட்டும் இல்ல. அதுக்கு மேல இருக்கிற பாலமும் இல்ல. பாலத்துக்குப் பிரியற பாதையும் இல்ல."

மச்சான் பைகளைக் கீழே வைத்தான்.

மாஸ்டரின் மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றவர். ஊரே 'சிஸ்டர்' என்று கூப்பிடும். மாஸ்டருக்கு மட்டும் 'ஏம்மா'. "இத்தனை வருஷம் வார்டு வார்டா நடந்தாச்சு. ஒரு தடவையாவது நோயாளியே இல்லாத பக்கமா நடக்கணும்" என்று பிடிவாதமாக நின்றவர். வெளிநாட்டு மலை, தன்னந்தனி நடை. மாஸ்டருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதனால் சிஸ்டர் மலைப்பாதையில் ஊர் விட்டு ஊர் நடப்பது, ஆண்கள் இருவரும் பைகளோடு பஸ்ஸில் போய் அடுத்த ஊரில் காத்திருப்பது என்று ஏற்பாடு. மாஸ்டர் போட்டது ஒரே நிபந்தனை.

"நல்ல மேப் இல்லாம உன்னை அனுப்ப மாட்டேன்."

போட்ட பிறகுதான் தெரிந்தது, நல்ல மேப் என்பது நல்ல வரன் மாதிரி, தேடினால் மட்டும் கிடைத்துவிடாது என்று. டிராவல்ஸ்காரன் கொடுத்த மேப்பில் மலையை விட ஆடுகள் பெரிதாக இருந்தன. புத்தகக் கடையில் வாங்கியதில் நாடு முழுக்க ஒரே தாளில். சிஸ்டர் நடக்கப்போகும் மலை கடுகளவு. செல்போன் மேப் வீட்டுக்குள் ஜோராக வேலை செய்தது. மொட்டை மாடியில் இன்டர்நெட்டை நிறுத்திப் பார்த்தபோது மாஸ்டரின் வீடு கடலுக்குள் போய்விட்டது.

கடைசியில் மலையேறுகிறவர்களின் சங்கம் ஒன்றின் மூலம் தபாலில் இரண்டு பெரிய தாள்கள் வந்தன. வேலி, கிணறு, ஒற்றைக் குடிசை வரைக்கும் போட்ட தாள்கள். வளைவு வளைவாக உயரக் கோடுகள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். பார்த்ததுமே மாஸ்டருக்குப் பிடிபட்டுவிட்டது. வாழ்நாள் முழுக்க மேடும் பள்ளமுமான உடம்புகளைத் தட்டைத் துணியில் கோடு போட்டு வெட்டியவர் அல்லவா! தினமும் சாப்பாட்டு மேஜையில் மனைவியை உட்காரவைத்து விளக்கினார். சிஸ்டரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பாதை முதல் தாளில் ஆரம்பித்து இரண்டாவது தாளில் முடிந்தது. காற்றில் இரண்டு தாளோடு ஏன் அல்லாட வேண்டும் என்று மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தார். இரண்டையும் இணைத்து, பின்பக்கம் பருத்தித் துணி கொடுத்து, கோட்டுக்கு லைனிங் வைத்த மாதிரி கச்சிதமாக முடித்துவிட்டார்.

இன்று சிஸ்டரை மலைப்பாதையில் அனுப்பிவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்கியதும் மேப் கடை ஒன்று கண்ணில் பட்டது. முழுப் பகுதியும் ஒரே தாளில் இருந்தால் வீட்டுச் சுவரில் மாட்டலாமே என்று ஆசையாக உள்ளே நுழைந்தார். ஆசையில் வந்து விழுந்தது ஆறு.

"எப்படி மாமா ஒரு ஆறு காணாமப் போகும்?"

மாஸ்டர் மேப்பின் ஓரத்தில் விரல் வைத்தார். "துணியை இணைக்கறப்போ ரெண்டு பக்கமும் தையலுக்குப் பிடி விடணும். அது உள்ளே போயிடும். அந்தப் பழக்கத்துல ரெண்டு தாள்லயும் ஓரத்தை வெட்டிட்டேன்டா. ஆனா இதுல ரெண்டு ஓரத்துலயும் இருந்தது ஒரே நிலம். ஒண்ணை வெட்டியிருந்தா போதும். ரெண்டையும் வெட்டினதுல நடுவுல ஒரு பட்டையே போயிடுச்சு."

"பாதை சேராம இருந்திருக்குமே! சந்தேகம் வரலையா?"

"ஒரு நூல் அளவுதான் விலகிச்சு. லேசா இழுத்து ஒட்டிட்டேன்."

"இழுத்து ஒட்டினீங்களா? அது மலை மாமா, பிளவுஸ் இல்ல!"

மாஸ்டர் மறுபடியும் மேஜை மேல் குனிந்தார். கடையின் மேப்பில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடதுபக்கக் கிளை சரிவில் இறங்கிப் பாலத்துக்குப் போனது. இன்னொன்று நேராகப் போய், உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகிப்போன ஓர் இடத்தில் முடிந்தது. அவர் தைத்துக் கொடுத்த மேப் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நேராகப் போ.

"அந்தக் கறுப்பு என்னன்னு கேளுடா."

மச்சான் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டான். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். ஜன்னல் வழியே மலையைக் காட்டினார். மலை இருந்த இடத்தில் பஞ்சுப்பொதி மாதிரி மூடுபனி.

மச்சான் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"பழைய கல் குவாரியாம். நேர்ப்பாதை அதோட விளிம்புல போய் நிக்குதாம். வேலி இருக்காம், ஆனா அங்கங்க விழுந்து கிடக்காம். பனி இறங்கிட்டா ரெண்டு எட்டுக்கு முன்னால எதுவும் தெரியாதாம்."

மாஸ்டர் செல்போனில் மனைவியை அழைத்தார். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடியும் அழைத்தார். அதே கதை.

"பாலம் வரைக்கும் வண்டி போகுமான்னு கேளு. போகும்னா டாக்ஸி பிடி. போகாதுன்னாலும் பிடி!"

பைகள் கடையிலேயே கிடந்தன. டாக்ஸி கிளம்பியது.

ஏற ஏறப் பனி கெட்டியானது. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். மாஸ்டர் முன் இருக்கையைப் பிடித்து வண்டியைத் தானே தள்ளுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

"நான்தான்டா அவளை..."

"வாயைக் கழுவுங்க மாமா. அக்கா எமனுக்கே ஊசி போட்டு அனுப்பினவ."

பாலம் வந்தது. மரப்பாலம். கீழே ஆறு இரைந்தது. வண்டி நிற்கும் முன்பே மாஸ்டர் கதவைத் திறந்தார். முழங்காலில் யாரோ ஆணி அடித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி மேட்டுப் பாதையில் ஏறினார்.

"மாமா, நீங்க நில்லுங்க, நான் போறேன்!"

"வெட்டினது நான்டா!"

மேலே வெள்ளைத் திரை. பாதை எங்கே பிரிகிறது என்றே தெரியவில்லை. மாஸ்டர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

"ஏம்மா...!"

மலை அந்தச் சத்தத்தை விழுங்கியது.

"ஏம்மா! அங்கேயே நில்லு! நேரா போகாதே!"

எங்கோ ஓர் ஆடு மட்டும் பதில் சொன்னது. மாஸ்டர் இன்னும் இரண்டடி ஏறினார். மூன்றாவது முறை கத்த வாயைத் திறந்தார்.

"யாருங்க அது, மலையில வந்து ஏலம் போடறது?"

பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு கைத்தடி வந்தது. பின்னாலேயே கம்பளிக் குல்லாயும் மழைக்கோட்டுமாக சிஸ்டர் வந்தார். வார்டில் ரவுண்ட்ஸ் வருகிற அதே நிதான நடை.

மாஸ்டர் அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வருகிற மாதிரி இருந்தது, சிரிப்பு வந்தது, கடைசியில் தும்மல்தான் வந்தது.

"அறிவு இருக்கா உங்களுக்கு?" சிஸ்டர் ஓடிவந்து அவர் முழங்காலைப் பிடித்துப் பார்த்தார். "இந்தக் காலை வச்சுக்கிட்டு மலையேறி வந்திருக்கீங்க! ஏன்டா தம்பி, நீ எதுக்குடா இருக்கே?"

"என்னைத் திட்டாதேக்கா. மாமா ஒரு ஆற்றைக் கொலை பண்ணிட்டார். அதை விசாரி முதல்ல."

மாஸ்டர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஓரம், பிடி, இழுத்து ஒட்டியது, குவாரி. சொல்லச் சொல்ல நெஞ்சில் கட்டியிருந்த கல் ஒவ்வொன்றாக உருண்டு போனது. சிஸ்டர் கேட்டுக்கொண்டே அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டார்.

"ஓ, அங்க குவாரியா இருக்கு?" என்றார், பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி.

"மேப்ல பாதை நேராத்தானே போகுது? நீ எப்படிம்மா சரியா இந்தப் பக்கம் திரும்பினே?"

"மேல ஒருத்தர் வேலி கட்டிக்கிட்டிருந்தார். ஊர் பேரைச் சொன்னேன். இப்படிப் போன்னு கையைக் காட்டினார். வந்துட்டேன்."

"அப்போ மேப்?"

சிஸ்டர் முதுகுப்பையைத் திறந்து அதை எடுத்தார். மாஸ்டரின் கைவண்ணம். ஒரு பக்கம் முழுக்க ஈரப்புல், மறுபக்கம் ரொட்டித் துணுக்கு.

"தரையெல்லாம் ஈரமா இருந்துச்சு. விரிச்சு உட்கார்ந்து சாப்பிட்டேன். துணி வச்சுத் தைச்சீங்களா, நல்லா மெத்துனு இருந்துச்சுங்க."

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, டாக்ஸியை நிறுத்தி வைக்கிறேன் என்று கீழே ஓடினான். அவன் சிரிப்பு பாலம் வரை கேட்டது.

மாஸ்டர் மனைவியையே பார்த்தார். "இவ்வளவு தூரத்துல ஒரு தடவை கூட நீ அதைப் பார்க்கலையா?"

சிஸ்டர் தம்பி போன பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"உயிரோட இருக்கே. இனிமே எனக்கு என்னம்மா கோபம்?"

"நல்ல மேப் இல்லாம அனுப்ப மாட்டேன்னு சொன்னீங்க. நீங்களும் கடை கடையா அலைஞ்சீங்க. அப்ப நான் வாயைத் திறந்திருந்தா, என்னைத் தனியா விட்டே இருக்க மாட்டீங்க. அதான் நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன்." சிஸ்டர் கணவரின் கையைப் பிடித்து மெல்லத் தூக்கிவிட்டார். "ஈசிஜியில எந்தக் கோடு வந்தாலும் படிச்சிடுவேன். ஆனா மேப் பார்க்க மட்டும் எனக்குத் தெரியவே தெரியாதுங்க."